நாலு கிளைக் கடைக்கு ஒரு தரவுக் களஞ்சியம்: செலவு எங்கே விழும், எதை முதலில் செய்வது

கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி, மட்டக்களப்பு டவுன் என்று கிழக்கிலங்கையில் நாலு இடத்தில் கிளை வைத்திருப்பவர்களுக்கும், சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலை நடத்துபவர்களுக்கும், அவர்களுக்கு இந்த வேலையைச் செய்துகொடுக்கப் போகிறவர்களுக்கும் எழுதியது இது. எல்லாக் கிளைகளின் விற்பனை, கொள்முதல், கையிருப்புத் தரவை ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் அது தரவுக் களஞ்சியம். அதிலிருந்து ரிப்போர்ட்டும் டாஷ்போர்ட்டும் (எண்களையும் படங்களையும் ஒரே திரையில் காட்டுவது) எடுத்து முடிவு செய்வதைத்தான் பிஐ (பிசினஸ் இன்டெலிஜென்ஸ்) என்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் "எந்த மென்பொருள் நல்லது?" என்ற கேள்வியோடுதான் வருகிறார்கள். கீழே உள்ள பன்னிரண்டு படிகளில் மென்பொருள் ஏழாவதும் எட்டாவதுமாகத்தான் வருகிறது. காசும் பெரும்பகுதி அங்கே போவதில்லை. பெயர் திருத்துவது, கணக்கு ஒப்பிடுவது, அறுந்துபோன இணைப்பைச் சரிபார்ப்பது என்று ஆட்களின் மணித்தியாலமாகவே போகிறது. எந்த விலைப்பட்டியலிலும் அந்த வரி இருக்காது.

கையில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு கிளையின் பில்லிங் மென்பொருள் பெக்கப், குறைந்தது ஒரு வருடத்துக்கானது. பொருள் பட்டியல். முடிவு எடுக்கும் ஆள் ஒருவர்; மூன்று சகோதரர்கள் சேர்ந்து நடத்தும் கடையானால் அவர்களில் யார் என்று முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கிளைகளில் பில் அடிக்கிறவர்களோடு தடையில்லாமல் பேச அனுமதி.

1. கேள்வியை எழுதி, அதற்கு விலை போடுங்கள்

"எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. "எந்தப் பொருள் கல்முனையில் தேங்கிக் கிடக்கும்போது அக்கரைப்பற்றில் இல்லாமல் போகிறது?" என்பது கேள்வி. இதற்குப் பதில் கிடைத்தால் மறுநாள் காலையில் லொறியில் ஏற்றும் சாமான் மாறும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றும் மாறாத கேள்விகளை அடித்துவிடுங்கள். மூன்று கேள்வி மிஞ்சினால் போதும்.

பிறகு, இப்போது அந்தப் பதிலுக்கு என்ன செலவாகிறது என்று கணக்குப் போடுங்கள். கிளைகளின் எக்செல் கோப்புகளை ஒட்டுவதற்கு ஒரு கிளார்க் தினமும் மூன்று மணித்தியாலம் செலவிடுகிறார் என்று வையுங்கள். மாதம் 26 வேலைநாளுக்கு 78 மணித்தியாலம். சம்பளம் 60,000 ரூபாய், வேலை நேரம் 200 மணித்தியாலம் என்றால் மணிக்கு 300 ரூபாய். மொத்தம் 23,400 ரூபாய். நீங்கள் போடப்போகும் ஏற்பாட்டின் மாதச் செலவு இதைத் தாண்டுமானால், "நேரம் மிச்சம்" என்ற காரணம் செல்லாது. தேங்கும் சரக்கு குறையும், கடன் வசூல் வேகமாகும் என்று வேறு காரணம் காட்ட வேண்டும். காட்ட முடியவில்லையா, இங்கேயே நிறுத்திக்கொள்வதில் வெட்கமில்லை.

2. உங்கள் தரவு எவ்வளவு பெரியது என்று பாருங்கள்

நாலு கிளை, கிளைக்கு ஒரு நாளைக்கு 400 பில், பில்லுக்கு ஐந்து பொருள் என்றால் தினமும் 8,000 வரி. வருடத்தில் 350 நாள் கடை திறந்தால் 28 லட்சம் வரி. எக்செல் தாள் ஒன்றில் 10,48,576 வரிதான் கொள்ளும். நாலரை மாதத்துக்குள் நிரம்பிவிடும். எக்செல்லை விட்டு வெளியே வர இது நியாயமான காரணம்.

ஆனால் 28 லட்சம் வரி என்பது ஒரு தரவுத்தளத்துக்குச் சின்ன வேலை. கடையில் இருக்கும் சாதாரணக் கணினியில் போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தரவுத்தள மென்பொருளைப் போட்டாலே பல வருடத் தரவைச் சமாளிக்கும். பெரிய நிறுவனங்களுக்கென்று செய்த கிளவுட் களஞ்சியத்தை (இணையத்தில் வாடகைக்குக் கிடைப்பது) முதல் நாளே வாங்கச் சொல்பவரிடம் இந்த எண்ணைக் காட்டிக் காரணம் கேளுங்கள்.

3. தரவை பெக்கப்பிலிருந்து எடுங்கள்

பில் போட்டுக்கொண்டிருக்கும் தரவுத்தளத்திலேயே நேராகக் கேள்வி ஓட்டாதீர்கள். ஒரு வருட விற்பனையைக் கூட்டும் கேள்வி ஓடும் நேரத்தில் கவுண்டரில் பில் திக்கும். வரிசையில் நிற்கும் சனத்துக்கு உங்கள் டாஷ்போர்ட் பற்றிக் கவலையில்லை.

இரவு கடை மூடியபின் எடுக்கும் பெக்கப்பை வேறொரு கணினியில் திறந்து, அங்கிருந்து எடுங்கள். தரவு ஒரு நாள் பழையதாக இருக்கும். பெரும்பாலான கேள்விகளுக்கு அது போதும். கூடவே இன்னொரு லாபம்: பெக்கப் உண்மையிலேயே திறக்கிறதா என்பது தினமும் சோதிக்கப்பட்டுவிடும். கோப்பு ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், திறந்து பார்த்தால் பழுதாக இருக்கும். அப்படி எத்தனையோ கடைகள் உண்டு.

பில்லிங் மென்பொருள் எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸில் (மைக்ரோசொப்டின் இலவசத் தரவுத்தளம்) ஓடினால் இன்னும் கவனம். 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி எல்லை உண்டு. ரிப்போர்ட்டுக்கான அட்டவணைகளையும் அதே தரவுத்தளத்துக்குள் அடுக்கினால், எல்லையைத் தொடும் நாளில் புதிய பில் பதியாது.

4. ஒரு வரி என்றால் என்ன என்று தீர்மானியுங்கள்

களஞ்சியத்தில் விற்பனை அட்டவணையின் ஒரு வரி ஒரு பில்லா, பில்லில் உள்ள ஒரு பொருளா, ஒரு நாளின் மொத்தமா? பொருள் வாரியாக வைத்தால் இடமும் வேலையும் கூடும். நாள் மொத்தமாக வைத்தால் மலிவு, ஆனால் "எந்தப் பொருள்" என்று பிறகு கேட்க முடியாது. கூட்டியதைப் பிரிக்க வழியில்லை என்பதால் பொருள் வரியையே வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு இடம் இன்று மலிவு. மறுபடி எல்லாத் தரவையும் ஏற்றுவதுதான் விலை கூடியது.

அந்த வரியில், விற்ற அன்று அந்தப் பொருளின் கொள்விலை என்ன என்பதையும் எழுதி வையுங்கள். பொருள் பட்டியலில் இன்றைய விலை மட்டும்தான் இருக்கும். 2022-இல் விலைகள் ஏறிய வேகத்தில், அந்த ஏற்றத்துக்கு முந்திய விற்பனையை இன்றைய கொள்விலையோடு கழித்துப் பார்த்தால் லாபம் வைத்து விற்றதுகூட நட்டமாகத் தெரியும்.

வற் (பெறுமதி சேர்) வரியையும் தனி நிரலில் (கொலம்) போடுங்கள். 2022 ஜூனில் 8 இலிருந்து 12 வீதம், அதே வருடம் செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று மாறியிருக்கிறது. வற் சேர்ந்த தொகையை ஒப்பிட்டால், வியாபாரம் வளராமலே வளர்ந்ததுபோல் காட்டும்.

ஆலைக்காரர்களுக்கு அலகுதான் தலையிடி. நெல் மூடைக் கணக்கில் வரும், அரிசி 5, 10, 25 கிலோப் பையில் போகும். எல்லாவற்றையும் ஏற்றும்போதே கிலோவுக்கு மாற்றுங்கள். மூடைகள் ஒரே எடையில் இருப்பதில்லை என்பதால், தராசில் கண்ட எடையையே எடுங்கள்.

எடையோடு ஈரப்பதத்தையும் பதியுங்கள். ஈரம் 18 வீதம் உள்ள 100 கிலோ நெல்லை 14 வீதத்துக்குக் காயவைத்தால் 95.35 கிலோதான் மிஞ்சும். 82-ஐ 86-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கிப் பாருங்கள். இந்த நிரல் இல்லாத டாஷ்போர்ட்டில் ஒவ்வொரு 100 கிலோவிலும் நாலரைக் கிலோவுக்கு மேல் "காணாமல் போகும்". அடுத்த நாள் முதலாளி நெல் களஞ்சியப் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். தண்ணீர் ஆவியானதற்கு ஒரு மனிதன் பதில் சொல்ல வேண்டி வரும்.

5. பெயர்களைச் சுத்தம் செய்யுங்கள்

மொத்தச் செலவில் பெரிய துண்டு இதுதான். மென்பொருள் விற்பவர்களின் விலைமனுவில் "தரவு மாற்றம்" என்று ஒரே வரியில் கிடப்பதும் இதுதான்.

முதல் தொல்லை எழுத்துரு. பழைய மென்பொருள்களில் பெயர்களைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். திரையில் தமிழாகத் தெரியும். தரவுத்தளத்துக்குள் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் கிடக்கும். ஏற்றும் படியிலேயே யுனிகோடுக்கு (தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறிமுறை) மாற்றுங்கள். ஒரே பட்டியலில் பாமினிப் பெயரும் உண்மையான ஆங்கிலப் பெயரும் கலந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடாதீர்கள். ஆங்கிலப் பெயர்களெல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். யுனிகோடு வந்தபின்னும் ஒன்று உண்டு: "கொ" என்பதை ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் அடிக்கலாம், ஒரே குறியாகவும் அடிக்கலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கட்டளை பெரும்பாலான மொழிகளில் உண்டு, அதை ஓட்டிவிடுங்கள்.

இரண்டாவது, ஒரே பொருளுக்குக் கிளைக்கொரு பெயர். "கீரி சம்பா 5", "கீரிசம்பா 5கி", "கி.சம்பா சின்னப் பை". இதைத் தானாகத் தீர்க்கும் மென்பொருள் என்று யாராவது விற்கவந்தால் நம்பாதீர்கள். பாதியைத்தான் அது பிடிக்கும். ஒரு அட்டவணை போடுங்கள்: கிளையின் பெயர், கிளையின் குறியீடு, உங்கள் பொதுக் குறியீடு. கடையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவரை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து நிரப்புங்கள். அதிகம் விற்கும் பொருள்களிலிருந்து தொடங்குங்கள். விற்பனையின் பெரும்பகுதி சில நூறு பொருளில் அடங்கிவிடும். மிச்சத்தை "ஏனையவை" என்று விட்டுவிட்டு மெல்லப் பார்க்கலாம்.

மூன்றாவது, ஆட்கள். நெல் தரும் விவசாயி ஒருவரே பழைய அடையாள அட்டை இலக்கத்தோடு ஒரு முறையும் புதிய 12 இலக்கத்தோடு ஒரு முறையும் பதிவாகியிருப்பார். பழையதைப் புதியதாக்கும் முறை எளிது: முன்னால் 19 போட்டு, முதல் ஐந்து இலக்கங்களை எழுதி, ஒரு பூச்சியம் சேர்த்து, மிச்ச நாலு இலக்கங்களை எழுதி, கடைசி ஆங்கில எழுத்தை விட்டுவிடுங்கள். இதைச் செய்தாலே பல இரட்டைப் பதிவுகள் ஒன்றாகிவிடும். செய்து முடித்ததும் ஆளுக்கொரு உள் இலக்கம் கொடுத்து, ரிப்போர்ட்டுகளில் அதை மட்டும் பாவியுங்கள். அடையாள அட்டை இலக்கம் டாஷ்போர்ட்டுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

6. நாள் அட்டவணை ஒன்று போடுங்கள்

ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி: வருடம், மாதம், கிழமை, நிதியாண்டு. இதுவரை எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். நம்ம பக்கத்துக்கு இன்னும் இரண்டு நிரல் வேண்டும்.

ஒன்று, போகம். பெரும்போகம் ஒரு வருடத்தில் விதைத்து அடுத்த வருடத்தில் அறுப்பது. ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று வெட்டினால் ஒரே போகத்தின் செலவும் வரவும் இரண்டு வருடத்தில் விழும். "2024/25 பெரும்போகம்" என்று நாளோடு சேர்த்து எழுதிவிடுங்கள்.

மற்றது, பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்பது. நோன்புப் பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். 2024-இல் அது ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், புத்தாண்டை ஒட்டி வந்தது. 2025-இல் மார்ச் கடைசியிலேயே முடிந்துவிட்டது. காத்தான்குடியிலோ கல்முனையிலோ உள்ள புடவைக் கடையின் 2025 ஏப்ரலை 2024 ஏப்ரலோடு ஒப்பிட்டால் வியாபாரம் விழுந்துவிட்டதாகவே தெரியும். பெருநாளுக்கு முந்திய 30 நாளை, போன வருடப் பெருநாளுக்கு முந்திய 30 நாளோடு ஒப்பிடுங்கள். தீபாவளி, தைப்பொங்கல், வெசாக் எல்லாவற்றுக்கும் இதே நிரல் உதவும்.

7. சேமிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வழி. கடையிலேயே ஒரு கணினி: மாதக் கட்டணம் இல்லை, மின்வெட்டு, ஹார்ட் டிஸ்க் பழுது, பெக்கப் எல்லாம் உங்கள் தலையில். வாடகைச் சேர்வர்: மாதம் ஒரே தொகை, எங்கிருந்தும் பார்க்கலாம், ஆனால் அப்டேட்டும் பாதுகாப்பும் பார்க்க ஆள் வேண்டும். பாவித்ததற்குக் காசு கட்டும் கிளவுட் களஞ்சியம்: பராமரிப்பு மிகக் குறைவு, பில் எவ்வளவு வரும் என்பது உங்கள் பழக்கத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவதைத்தான் விளக்க வேண்டும். கூகுளின் கிளவுட் களஞ்சியமான பிக்குவெரியில் மாதம் 1 டெராபைட் (சுமார் 1,000 ஜிகாபைட்) வரை படிப்பது இலவசம். அதற்கு மேல் அமெரிக்கப் பிராந்தியத்தில் டெராபைட்டுக்கு 6.25 டொலர். எவ்வளவு படித்தீர்கள் என்பதற்குத்தான் கட்டணம், எத்தனை வரி பதிலாக வந்தது என்பதற்கு இல்லை. "பத்து வரி மட்டும் காட்டு" என்றாலும் முழு நிரலையும் படித்த கணக்கே வரும். எல்லா நிரலையும் கேட்கும் பழக்கத்தை விட்டு, தேவையான நிரலை மட்டும் கேளுங்கள். தேதி வாரியாக அட்டவணையைப் பிரித்து வையுங்கள்.

ஸ்னோஃபிளேக் என்ற இன்னொரு கிளவுட் களஞ்சியத்தில் கணக்கு வேறு: எந்திரம் விழித்திருக்கும் நேரத்துக்குக் கட்டணம். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் குறைந்தது 60 வினாடி. வேலையில்லாமல் எவ்வளவு நேரம் போனால் தானாகத் தூங்கும் என்பதைப் பத்து நிமிடமாக விட்டுவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை டாஷ்போர்ட் கேள்வி அனுப்பினால் அது தூங்கவே தூங்காது. மிகச் சிறிய அளவில்கூட மணிக்கு ஒரு கிரெடிட் (அவர்களின் கட்டண அலகு) வீதம் நாளுக்கு 24 கிரெடிட். அந்தக் காத்திருப்பை ஒரு நிமிடமாகக் குறைப்பதுதான் அங்கே முதல் வேலை.

எதை எடுத்தாலும் கட்டணம் டொலரில் என்றால், ரூபாயில் மட்டும் வருமானம் உள்ள கடைக்கு அது தனி ஆபத்து. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவில் நின்றது. டொலர் அரை மடங்கு ஏறினாலும் கட்ட முடியுமா என்று பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.

என் கருத்து: மேலே சொன்ன அளவுள்ள கடைக்கு வாடகைச் சேர்வரில் போஸ்ட்கிரெஸ், அல்லது கடைக் கணினியில் போஸ்ட்கிரெஸும் வெளியே ஒரு பெக்கப்பும். ஒருவர் மட்டும் ஆராய்ந்து பார்க்கும் வேலை என்றால் டக்டிபி என்ற தரவுத்தள மென்பொருள் இன்னும் இலகு. ஒரே கோப்பு, சேர்வரே தேவையில்லை. அந்தக் கோப்பில் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் எழுத முடியும் என்பதால், பலர் சேர்ந்து பாவிக்கும் இடத்துக்கு எடுக்காதீர்கள்.

8. ரிப்போர்ட் மென்பொருள்

மைக்ரோசொப்டின் பவர் பிஐ டெஸ்க்டொப் இலவசம். நீங்கள் தயாரித்து, பிடிஎஃப் ஆக்கி, முதலாளியின் வாட்ஸப்புக்கு அனுப்பும் வரை செலவில்லை. அதை இணையத்தில் பகிர்ந்தால் தயாரிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் ஆளுக்கொரு புரோ லைசன்ஸ் வேண்டும். 2025 ஏப்ரலில் அது மாதம் 10 டொலரிலிருந்து 14 ஆனது. ஆறு பேருக்கு வருடத்துக்கு 1,008 டொலர். டொலர் 300 ரூபாய் என்றால் மூன்று லட்சத்துக்கு மேல்.

மெட்டாபேஸ் என்ற இன்னொரு ரிப்போர்ட் மென்பொருளின் இலவசப் பதிப்புக்கு ஆள் கணக்கில்லை. ஆனால் "அக்கரைப்பற்று மனேஜர் அக்கரைப்பற்றை மட்டும் பார்க்கட்டும்" என்ற வரி அளவிலான கட்டுப்பாடு அதன் கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. இலவசத்தில் கிளைக்கொரு தனிப் பார்வை செய்து சமாளிக்க வேண்டும். சூப்பர்செட் என்ற மூன்றாவது மென்பொருளில் அந்த வசதி இலவசம், நிறுவுவதுதான் சிரமம். ஆகவே யார் எதைப் பார்க்கலாம் என்பதை எழுதி வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். படம் எவ்வளவு அழகு என்பதைக் கடைசியாகப் பார்க்கலாம்.

9. எத்தனை தடவை புதுப்பிப்பது?

"உடனுக்குடன் தெரிய வேண்டும்" என்பார்கள். அதன் விலை இது: பத்துப் படமுள்ள டாஷ்போர்ட், படத்துக்கு அரை ஜிகாபைட் படிக்கிறது. நாளுக்கு ஒரு முறை புதுப்பித்தால் மாதத்துக்கு 150 ஜிகாபைட், பிக்குவெரியில் இலவச எல்லைக்குள். எட்டு மணித்தியாலத்துக்குக் கால் மணிக்கு ஒரு தடவை என்றால் 4,800 ஜிகாபைட். சுமார் 23 டொலர் பில். தொகை சிறிதுதான். ஆனால் கூடவே, கிளையின் இணையம் அறுந்த ஒவ்வொரு தடவையும் "ஏன் வரவில்லை" என்று தொலைபேசி அடிக்கும். அதை எடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளம் 23 டொலர் இல்லை.

காலையில் லொறி ஏற்றும் முடிவுக்கு நேற்றிரவுத் தரவு போதும்.

10. டாஷ்போர்ட்டைக் காட்டுமுன் கணக்கு ஒத்துப்போகட்டும்

ஒரு கிளை, ஒரு நாள். கவுண்டரில் அன்றைக்கு அச்சடித்த நாள்முடிவுத் துண்டையும் களஞ்சியத்தின் மொத்தத்தையும் பக்கத்தில் வையுங்கள். சதம் வரை ஒத்துவர வேண்டும். பிறகு ஒரு வாரம், ஒரு மாதம், மற்றக் கிளைகள்.

ஒத்துவராவிட்டால் முதலில் இரத்துச் செய்த பில்லையும் திருப்பி வந்த சாமானையும் பாருங்கள். அடுத்தது நேரம். கிளவுட் தரவுத்தளங்கள் பல கிரீன்விச் நேரத்தில் சேமிக்கின்றன. இலங்கை நேரம் ஐந்தரை மணி முன்னால். நோன்பு மாதத்தில் இரவு பன்னிரண்டு தாண்டியும் கடை திறந்திருக்கும். பன்னிரண்டரைக்குப் போட்ட பில் கிரீன்விச்சில் முதல் நாள், கடைக் கணினியின் தேதியில் மறுநாள், கடைக்காரர் மனதில் "இன்றைய வியாபாரம்". அதிகாலை நாலு மணிக்கு நாள் மாறும் என்று ஒரு விதி வைத்து, "வியாபார நாள்" என்ற தனி நிரலில் எழுதுங்கள்.

இதை முடிக்காமல் முதலாளிக்குத் திரையைக் காட்டிவிட்டால், அவர் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு எண்ணோடு அது ஒத்துவராது. அதற்குப் பிறகு சரியான எண்ணைக் காட்டினாலும் பழைய கொப்பியைத்தான் புரட்டுவார்.

11. ஆள் போனாலும் ஓட வேண்டும்

ஒலுவிலிலோ வந்தாறுமூலையிலோ படித்து முடித்த கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் இதைக் கட்டித் தருவார். கொஞ்சக் காலத்தில் கொழும்புக்கோ கட்டாருக்கோ போவார், போகத்தான் வேண்டும். அவர் இருக்கும்போதே இரண்டு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: எந்தக் கோப்பு எங்கிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு ஓடுகிறது, நின்றுவிட்டால் எதை அழுத்துவது, கடவுச்சொல் யாரிடம். கிளவுட் கணக்கும் டொமைனும் நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கக் கூடாது. பிறகு அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, வேறொருவரை அந்த இரண்டு பக்கத்தை மட்டும் பார்த்து ஒரு நாள் வேலையை ஓட்டச் சொல்லுங்கள். எங்கே தடுக்கிறாரோ அங்கே இன்னும் இரண்டு வரி எழுதட்டும்.

12. மூன்று மாதத்தில் கத்தரியுங்கள்

எந்த ரிப்போர்ட்டை யார் திறந்தார் என்ற பதிவு மென்பொருளிலேயே இருக்கும். யாரும் திறக்காததை நிறுத்திவிடுங்கள். கேட்டு வந்தால் மறுபடி போடலாம். நிறுத்திய ஒவ்வொன்றோடும் அது பாவித்த இரவு வேலையையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பில் குறையாது. ஒரு இரவின் ஏற்றம் காலை கடை திறக்குமுன் முடியாமல் போகத் தொடங்கினால், அல்லது பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டுத் திரை நிமிடக்கணக்கில் சுற்றினால், 7-ஆம் படிக்குத் திரும்பி வந்து பெரிய இடத்துக்கு விலை கேளுங்கள்.